இடக்கையில் இருக்கிறது கணக்கு

என் இடது உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள்.
சுட்டுவிரலுக்குக் கீழே
செருப்புத் தோல்போல் ஒரு தடிப்பு.
முப்பத்தோரு வருடம் பந்து வந்து விழுந்த இடம்.
எறிந்தது யாரென்று
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

நெப்ராஸ்காவில், சோளக்காட்டின் விளிம்பில்
ஒரு சின்னக் கல்லூரி.
வென்டெல் ஹ்ருஸ்கா கோச்சாக வந்த வருடம்
மைதானம் என்று ஒன்று இல்லை.
பனித்தடுப்பு வேலியை இழுத்துக் கட்டி
"இதுதான் எல்லை" என்றார்.
பந்து சோளத்துக்குள் போனால்
அறுவடைக்குப் பிறகுதான் கிடைக்கும்.
மூடிப்போன செங்கல் சூளையிலிருந்து
இருபத்திரண்டு நடை களிமண் அடித்தோம்.
பிட்ச்சர் நிற்கும் மேடு பத்து அங்குலம்;
ஒன்று குறைந்ததற்காக
இருட்டிய பிறகும் கொட்டி மிதித்தோம்.
மேட்டிலிருந்து அறுபதடி ஆறங்குலம்.
அவர் நாடாவை விரித்தபோது
மறுமுனையைப் பிடித்திருந்த கேட்ச்சர் பையன் நான்.
பிறகு விடவே இல்லை.

அதிகம் பேசமாட்டார்.
"கட்டைவிரல்" என்பார். அவ்வளவுதான்.
பையன் குனிந்து பார்ப்பான்,
சிவப்புத் தையலில் எங்கே வைத்தோம் என்று.
பந்துக்கு நூற்றெட்டுத் தையல்.
மழை பெய்த ஒரு நாள்
எல்லோரும் உட்கார்ந்து எண்ணினோம்.

லோரன் டீட்ஸ் கதைக்கு வருகிறேன்.
வந்துதானே ஆக வேண்டும்.
எண்பத்தொன்பது ஏப்ரல், விரல் மரத்துப்போன குளிர்.
பன்னிரண்டு இன்னிங்ஸ். நூற்றெழுபத்தோரு பந்து.
ஒன்பதாவதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது:
பந்து கையை அறையவில்லை,
களைத்தவன் நாற்காலியில் உட்கார்வதுபோல்
வந்து உட்கார்ந்தது.
ஹ்ருஸ்காவிடம் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்தோம்.

ஜெயித்தோம்.
வங்கி மேலாளர் அழுதார். டிராக்டர் வியாபாரி
அங்கேயே காசோலை கிழித்தார்.
அடுத்த கோடையில் ஆறு விளக்குக் கம்பங்கள்.
டீட்ஸின் முழங்கை அதன்பின் முழுதாக நிமிரவில்லை.
அந்தக் கம்பங்கள் எதன்மேல் நட்டவை என்று
எங்கள் இரண்டு பேருக்குத் தெரியும்.
மூன்று பேருக்கு.

அடுத்த சீசனில் ஹ்ருஸ்காவின் கோட்டுப் பையில்
ஒரு எண்ணும் கருவி முளைத்தது,
தானியக் கிடங்கில் மூட்டைக்கு அழுத்துவார்களே, அது.
பந்துக்கு ஒரு 'டிக்'.
தொண்ணூற்றைந்தில் எழுந்துவிடுவார்,
மேட்டில் கடவுளே நின்றாலும்.

பதினோரு பேர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள்.
நிருபர்கள் அதைத்தான் கேட்பார்கள்.
"நாற்பது வயதில் எத்தனை பேருக்குத்
தலைவாரிக்கொள்ள முடிகிறது, அதைக் கேளுங்கள்"
என்பார். யாரும் எழுதிக்கொண்டதில்லை.

அனிபால் பெர்டோமோ எறிந்த அந்தச் சனிக்கிழமை
ஏழு இன்னிங்ஸ் முடிந்தும்
எதிரணிக்கு ஒரு அடி கூட இல்லை.
வேலிக்குப் பின்னால் வேகமானியோடு தேர்வாளர்கள்.
ஓரமாக உட்கார்ந்து அடுத்தவனுக்குக் கைசூடேற்றிக்கொண்டிருந்த நான்
காதால் கேட்டேன்,
ஒவ்வொரு பந்தும் முந்தியதைவிடக் கனத்து விழுந்ததை.
பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நிச்சயம்.
தொண்ணூற்றைந்து.
ஹ்ருஸ்கா நடந்துபோய்க் கையை நீட்டினார்.
அனிபால் பந்தைக் கொடுக்கவில்லை.
விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்.
அரங்கம் முழுக்க ஊளை; ஒரு ஐஸ்பெட்டி பறந்து வந்தது.
அடுத்து வந்தவன் மூன்றாவது பந்திலேயே அடிவாங்கினான்.
தோற்றோம்.
பதினாறு நாள் அனிபால் அவர் முகம் பார்க்கவில்லை.
அன்று அவர் செய்தது தப்பு என்றே
இன்றும் நினைக்கிறேன்.

ஓய்வு விழாவுக்கு டீட்ஸ் வரவில்லை.
அழைப்பிதழ் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அதற்கடுத்த செவ்வாய் வந்தான்,
புல்வெட்டும் இயந்திரத்தின் பெல்ட்டை மாற்ற.
வேலை முடிந்தும் கிளம்பவில்லை.
வாளியிலிருந்து ஒரு பந்தை எடுத்து
மேட்டில் ஏறி நின்றான். இடது கையில்.
நான் குந்தினேன், முட்டி சொடுக்கிட்டது.
பந்து இரண்டு முறை தரையில் மோதி
உருண்டு வந்து சேர்ந்தது. கனமே இல்லை.

யாரும் பேசவில்லை.
ஹ்ருஸ்கா கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி
வேலியோரம் நின்றிருந்தார்.
காற்றும் இல்லாததால்
அந்த 'டிக்' எனக்குக் கேட்டது.