மேலே பூட்டும், கீழே பூட்டாது

ஏற்காட்டில் பூட்டுகிறது,
சேலத்தில் பூட்ட மாட்டேன் என்கிறது
என்று சொல்லித்தான் வண்டியை நிறுத்தினார் ஞானாதிக்கம்.
மிளகு வியாபாரி. கசங்காத சட்டை.
இறங்கிக் கைப்பிடியில் விரல் வைத்தால்
மூன்று தரம் கீச்சிட்டுத்
திறந்தபடியே நிற்கும் கார்.
"மாட்யூலையே மாத்தணும்கிறான் ஷோரூம்காரன்.
நாற்பத்திரண்டாயிரம்."

அப்புறம் ஒரு சத்தமும் உண்டு என்றார்.
எப்படிப்பட்ட சத்தம்?
வாயைக் குவித்துச் செய்துகாட்டினார்.
முதலில் தவளை மாதிரி.
இல்லையில்லை, நடக்கிற பொம்பளையின் மெட்டி மாதிரி.
பட்டறைக்குச் சத்தம் கொண்டுவருகிறவர்கள்
எவ்வளவு பெரிய ஆளானாலும்
அரை நிமிடம் குழந்தையாகிவிடுகிறார்கள்.
இந்தத் தொழிலில் எனக்குக் கிடைக்கும் இனாம் அது.

பிரேக் போட்டாலா? இல்லை.
பள்ளத்திலா? இல்லை.
வளைவில் மட்டும். மலையில் மட்டும்.

அவர் சாவியை அவர் பையிலேயே போட்டு
கோரிமேடு முக்கில் டீ குடிக்க அனுப்பினேன்.
எண்பது அடி. நடுவில் ஒரு டவுன்பஸ்.
சாவியே இல்லாத வண்டியில் உட்கார்ந்து
பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினேன்.

கிளம்பிவிட்டது.

இம்தியாஸ் என்னைப் பார்த்தான், நான் இம்தியாஸைப் பார்த்தேன்.
சீட்டுக்கு அடியில் துழாவினோம்:
பார்க்கிங் சீட்டு, ஏலக்காய்த் தோல்,
ஒரு ரூபாய் மூன்று.
வேறொன்றும் இல்லை.

மறுநாள் இம்தியாஸ் ஓட்ட, பக்கத்தில் அவர் இருக்க,
பின்சீட்டை மடக்கி
டிக்கியில் படுத்துக்கொண்டு நான் மலையேறினேன்.
காது தரையில்.
மூன்றாம் வளைவு: என் மூச்சு.
ஐந்து: ஜாக்கியின் முனகல். துணி சுற்றினேன், அடங்கியது.
எட்டு: குரங்குகள் என்னைத்தான் பார்த்தன,
யாரோ ஆளைக் கடத்துகிறார்கள் என்று நினைத்திருக்கும்.
ஒன்பதாம் வளைவில், வண்டி இடப்பக்கம் ஒடிய,
வலக்காதுக்குக் கீழே
கிண்.

ஸ்டெப்னி சக்கரத்தைத் தூக்கினேன்.
குழியில் கொஞ்சம் மழைச்சேறு,
பித்தளை வளையத்தோடு
இன்னொரு சாவி.

அதன் பேட்டரி சாகவுமில்லை, வாழவுமில்லை.
மேலே குளிரில் வாய் அடைத்துப்போகும்,
வண்டி நிம்மதியாகப் பூட்டிக்கொள்ளும்.
கீழே சேலத்து வெயில் பட்டதும்
உள்ளே இருக்கேன் என்று மெல்லச் சொல்லும்.
ஆறு மாதமாக மூன்று கீச்சும் அதுதான்:
சாவி உள்ளே இருக்கு, சாவி உள்ளே இருக்கு,
சாவி உள்ளே இருக்கு.

சேறு காய்ந்த வளையத்தைக் கையில் வாங்கினார்.
"பஞ்சர் போட்டது இங்கேதான்," என்றார்.
"நல்ல மழை. நான் இறங்கலை."
கொஞ்ச நேரம் கழித்து,
"மாதையன் சட்டைப் பையில் வெச்சிருப்பான். குனிஞ்சப்போ..."
அதற்கு மேல் சொல்லவில்லை.
சாவியை யாருக்கோ விற்றுவிட்டான் என்று
மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு
நிறுத்திய டிரைவர் என்பதை
இம்தியாஸ்தான் பிறகு என்னிடம் சொன்னான்.
இப்போது பால் வண்டி ஓட்டுகிறாராம்,
நாகலூருக்கும் அடிவாரத்துக்கும்.

பில் போடும்போது
"பேட்டரி மாத்தினது-ன்னு எழுதிக்கங்க" என்றார்.
பேட்டரி மாற்றியது 120 என்று எழுதினேன்.
அதன் கீழே,
ஸ்டெப்னி குழியிலிருந்து சாவி எடுத்தது,
கூலி இல்லை.
தேதியும் போட்டேன்.
படித்தார். மடித்தார். மேல்பையில் வைக்காமல்
உள்பையில் வைத்தார்.

எட்டு நாள் கழித்துப் போன்:
சத்தம் இன்னும் இருக்குதுங்க.
மறுபடி டிக்கியில் படுத்து
இருபது வளைவும் போய்வந்தேன்.
பின்பக்கப் பிரேக் தகட்டில் ஒரு சல்லி இருந்தது, உண்மை.
எடுத்துக் காட்டினேன்.
"இது இல்லைங்க," என்றார்.

இன்று காலை பட்டறை வாசலில்
ஒரு பால் வண்டி, ஃபேன் பெல்ட் கதறக் கதற.
ஓட்டிவந்தவர் பேர் கேட்க வேண்டும்.
பெல்ட்டை முதலில் பார்க்கிறேன்.