சன்னலோரப் பெட்டி

சம்பள வாரத்து ஞாயிறுகளில்
தோட்டத்து லாரி எங்களை அள்ளிக்கொண்டு போய்
பாடாங் செராய் முனையில் கொட்டும்.
அம்மா கருவாடு பார்க்கப் போவாள்.
அப்பா எங்கே போவாரென்று எல்லாருக்கும் தெரியும்.
நானும் குணாளனும் சின் லீ கடைக்கு.

வெளியே தொங்கியதெல்லாம்
சைக்கிள் டியூப், பள்ளிக் காலணி, கொசுவலை.
உள்ளே கல்லாவுக்குப் பின்னால்
ஒரு சுவர் நிறைய
பெட்டிக்குள் மடங்கிக் கிடந்தன
போர்க்கப்பல்கள், பந்தயக் கார்கள்,
யாரும் இன்னும் ஒட்டாத விமானங்கள்.

தவுக்கே ஊய் தெக் சூன்
சீனத்தில் கணக்குப் போடுவார், தமிழில் திட்டுவார்.
'பாக்க காசு இல்ல. தொட்டா காசு.'
நாங்கள் பார்த்தோம்.

எங்களுடையது சன்னலோரம் இருந்தது.
ஒரு ஹெலிகாப்டர்,
அதன் கயிற்றில் தொங்கும் ஓர் ஆள்,
கீழே அலை.
வானம் நீலம், வண்டி நீலம்,
தொங்குகிறவன் முகமும் நீலம்.
'பெருமாளு' என்றான் குணாளன்.
'தண்ணி குடிச்சி செத்தவன்' என்றேன்.
லாரியில் திரும்பும்வரை சண்டை.

ஏழு வெள்ளி தொண்ணூறு காசு.
அது இருபத்திரண்டாம் நம்பர் காட்டில்
மங்கு மங்காய்க் கிடந்தது.
விரலால் நோண்டிய கட்டிப்பாலைச்
சாக்கில் கட்டி, மோட்டார்காரனிடம் பாதி விலைக்கு.
கம்பெனிப் பால், திருட்டுதான்.
வேறு பேர் வைக்க மாட்டேன்.

ஐந்து சம்பளம் தாண்டியது.
ஒவ்வொரு முறையும் பெட்டி அங்கேயே இருந்தது,
கொஞ்சம் வெளுத்து.
வாங்க ஆளில்லை என்று எங்களுக்குத் தோன்றவில்லை.
நமக்காக வைத்திருக்கிறார் என்றே நம்பினோம்.

திறந்தால், சட்டம் சட்டமாய் உறுப்புகள்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்,
எங்கள் லயத்துக் கதவுகளைப் போல.
விளக்கத் தாள் முழுக்க ஜப்பான் எழுத்து.
நகவெட்டியால் கத்தரித்தோம்,
படம் பார்த்து ஒட்டினோம்.
பசையின் வாடை வீட்டைப் பிடித்தது.
ஆலை அமிலத்தோடு வந்த அப்பா
பெட்டியைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்:
'ஜப்பான்காரன் எங்கப்பன வச்சி ரயிலு போட்டான்.
இப்ப என் புள்ளைங்கள வச்சி இதுவா?'

சயாமுக்குப் போய்த் திரும்பாத அந்த ஆளின்
படம்கூட எங்களிடம் இல்லை.

வால் நிற்கவில்லை.
ஒட்ட ஒட்டச் சாய்ந்தது.
'காயுற வரைக்கும் புடிங்கப்பா' என்றான் தம்பி,
பயம் தெரியாதவன்.
அப்பா பிடித்தார்.
வெட்டுக்கத்தி காய்த்த இரண்டு விரலுக்கு நடுவில்
ஒரு பிளாஸ்டிக் வால்,
அன்று மாலை அரைமணி நேரம்
கள்ளுக்கடை அவருக்காகக் காத்திருந்தது.
அப்புறம் போனார்.

பெட்டிப்படி நீலம் வேண்டும்.
கம்பெனி கதவுக்கு அடித்ததில்
டின் அடியில் ஒட்டியிருந்தது போதுமாயிற்று.
கயிற்று ஆளுக்கும் அதையே பூசினோம்,
கண்ணுக்கு மட்டும் அம்மாவின் மையைத் தொட்டு.

இப்போது சின் லீயில் கைப்பேசி உறை விற்கிறார்கள்.
சன்னல் அதே மேற்கைப் பார்த்து நிற்கிறது.
லயம் இருந்த இடத்தில் மாடி வீடுகள்,
ஆளுக்கொரு நிறத்தில் கேட்.

போன மாதம் கோலாலம்பூர் பேரங்காடியில்
மகளுக்குக் காலணி தேடும்போது
கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெட்டி.
அதே அலை, அதே கயிறு.
வண்டி செக்கச் செவேலென்ற ஆரஞ்சு.
தொங்குகிறவனுக்கு
சாதாரண மனித முகம், கொஞ்சம் சிவந்து.

நெடுநேரம் நின்றேன்.
அத்தனை மேற்கு வெயிலும்
மஞ்சளையும் சிவப்பையும் தின்றுவிட்டு
நீலத்தை எங்களுக்கு மிச்சம் வைத்திருக்கிறது.

ஜொகூருக்குப் போன் போட்டேன்.
குணாளன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.
எல்லாம் கேட்டான்.
ஒரு சிக்னல் தாண்டும்வரை பேச்சில்லை.
பிறகு சொன்னான்:
'அது பிரிண்டிங் தப்புக்கா.'