எட்டுக் காபன்

அறிக்கை ஆங்கிலத்தில் வந்திருந்தது.
டொக்டர் அதைச் சிங்களத்தில் சொன்னார்.
தமிழுக்கு என்னைக் கூப்பிட்டார்கள்,
இரத்தம் எடுக்கிற அறையிலிருந்து.
ஒரு கையுறையை இன்னும் கழற்றியிருக்கவில்லை.

வெளியே பொரளைச் சந்தியில் மழையும் ஹோர்னும்.
உள்ளே ருஸ்னியா,
மடியில் நான்கு வயது அத்னான்.
வலது கை முறுகி நெஞ்சோடு ஒட்டிக் கிடக்க
இடது கையால் என் பெயர்ப்பட்டியைப் பிடித்திழுத்தான்.

பரம்பரையலகு என்றேன்.
சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு
என் வாயில் வந்திராத சொல்.
முதலாம் நிறமூர்த்தத்தில் ஓர் இடம்.
உங்களிடமிருந்து ஒரு கோளாறு,
அவரிடமிருந்து இன்னொன்று.
தனித்தனியே இரண்டும் சாதுவானவை.

"அவருக்குப் பஞ்சிகாவத்தையில கடை," என்றாள்.
"எந்த வாகனத்துக்கும் சாமான் எடுத்துக் குடுப்பாரு."

ஒரு நொதியத்தின் செய்முறை அங்கே எழுதியிருக்கிறது.
கலத்துக்குள் இழைமணி, அது சின்ன அடுப்பு மாதிரி.
அந்த அடுப்புக்குள்ளேயே கொழுப்பமிலம் கட்டுகிறார்கள்,
இரண்டிரண்டு காபனாக.
யார் கட்டுறது என்று கேட்டாள்.
யாருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு வந்து சேரும் ஒவ்வொரு தடவையும்
பக்கத்துப் பக்கத்துக் காபன்கள்
இரு கையாலும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும்.
இந்த நொதியம் போய்
ஆளுக்கொரு ஐதரசனைக் கொடுத்து
ஒரு பிடியை விடுவிக்கும்.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.
விட்டால்தான் அடுத்த இரண்டு வந்து சேரலாம்.
நான்கு. ஆறு. எட்டு.
எட்டு ஆகிவிட்டால்
அதிலிருந்துதான் அடுப்புக்குத் திரி.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே
அவன் வலது கையைப் பார்த்துவிட்டேன்.
அவளும் பார்த்தாள்.
மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.
விட்டதும் அவை தம் பாட்டில் திரும்பி மடங்கின.
அது வேறு, இது வேறு;
இது மூளையின் அடியில் பசித்துப்போன ஓரிடம்
தவறாக அனுப்பும் கட்டளை
என்று நான் சொல்லியிருக்கவேண்டும்.

எட்டு எங்கே கிடைக்கும் என்றாள்.
தேங்காயெண்ணெயில் கொஞ்சம் இருக்கிறது
என்று டொக்டர் சொன்னதை
யோசிக்காமல் அப்படியே சொல்லிவிட்டேன்.
அவள் முகம் எழும்பியது.
வீட்டில் இரண்டு போத்தல் இருக்கிறதாம்.
மாளிகாவத்தைத் தொடர்மாடியில் எல்லா வீட்டிலும் இருக்கிறதாம்.
"அப்ப கூடக் குடுக்கவா, தங்கச்சி?
வெறும் வயித்துலயா?"

வெளியிலிருந்து போகும் எட்டு
உள்ளே கட்டுகிற இடத்தைப் போய்ச் சேருமா?
டொக்டர் உள்ளங்கையை
இப்படியும் அப்படியும் ஆட்டினார்.
அதற்கு மூன்று மொழியிலும் ஒரே சொல்.

அவனுக்கு எல்லாம் விளங்கும், என்றாள் திடீரென்று.
நாங்கள் யாரும் இல்லையென்று சொல்லவில்லை.
வாய்தான் குழறுது, கணக்குப் பிழைக்காது.
நாலாம் மாடி ஜன்னலில் இருத்திவிட்டால்
வருகிற பஸ்ஸுக்கெல்லாம் நம்பர் சொல்வான்.
நூற்றெழுபத்தாறு என்றதும் அத்னான் சிரித்தான்,
உடம்பு முழுவதும் வளைந்து.

மூன்றாம் பந்தியில்
கண்ணைப் பற்றி ஒரு வரி இருந்தது.
பார்வை நரம்பு. சில வருடங்களில். பெரும்பாலும்.
டொக்டர் அதைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.
நான் தாளின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

"இப்ப கள்ளன் ஆகிட்டான்," என்று ருஸ்னியா
அவன் தலையைத் தடவினாள்.
"முந்தி வளைவுல வரக்குள்ளயே சொல்லுவான்.
இப்ப பஸ் கிட்ட வந்து நிக்கோணும்,
அதுக்குப் பிறகுதான் சொல்றான்.
விளையாட்டுக்கு."

என்ன சொல்கிறார் என்று கேட்டார் டொக்டர்.

நான் முதலில்
மற்றக் கையுறையைக் கழற்றினேன்.