கழிவு

பேரணாம்பட்டில் தராசைக் கண்டால்
கண் தானாகத் தாழும்.
வெள்ளிக்கிழமைக் கணக்கு அப்படி.
இலையை ஈரத்தோடு நிறுத்துக் கொடுப்பார்கள்,
காய்ந்தால் ஆயிரத்துக்கு எழுபது துண்டு விழும்,
விழுந்தது நம் தலையில்.
கட்டைப் பிரித்து நாலு பீடியை நசுக்கிப் பார்த்து
"கழிவு" என்பார் கன்ட்ராக்டர்.
கழித்ததை அவர் தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை.

ஒன்பது வயது முதல் பதினேழு வரை
என் மடியில் முறம்.
இப்போது ரிஜிஸ்டர்.
ஆறு மாதப் பயிற்சி, நீலக் கோட்,
தொங்கு தராசு, அதில் மாட்ட ஒரு துணித்தூளி.
உதவித்தொகை இரண்டு மாதமாக வரவில்லை.
அதையும் எழுதத்தான் வேண்டும்.

மசூதிக்குப் பின்சந்தில் மூன்றாவது வீடு.
தவுலத்பீ கதவைப் பாதிதான் திறந்தாள்.
இடுப்பில் அஃப்ரீன், இரண்டே கால் வயது,
செம்பட்டை முடி,
விரல் நுனியில் புகையிலைத் தூள்.
"நிறுக்கணும் அக்கா."
"எதுக்கு?"
"எவ்ளோ இருக்கான்னு பாக்க."
"கம்மியா இருந்தா?"

உத்தரத்தில் கயிறு போட்டேன்.
குழந்தை தொங்கியது. அழவில்லை.
அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.
முள் ஆடி ஆடி நின்றது:
எட்டுக் கிலோ அறுநூறு.
மஞ்சள் கட்டம்.

"எவ்ளோ பிடிப்பீங்க?" என்றாள் தவுலத்பீ.

புரியாதவள் போல நிற்க எனக்கு வழியில்லை.
குறைந்தால் பிடிப்பார்கள்;
எட்டு வருஷம்
எனக்கும் அதுதான் தராசு.

"பிடிக்க மாட்டோம் அக்கா.
குறைஞ்சா கூடக் கொடுப்போம்."
சொல்லும்போதே பொய் போல ஒலித்தது.
சத்துமாவு இரண்டு பாக்கெட்,
பூச்சி மாத்திரை,
திங்கட்கிழமை வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு,
கூட நானும் வருவேன் என்ற வார்த்தை.
பாக்கெட்டை உள்ளங்கையில் வைத்து
ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.
கைநிறையில் எங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

திங்கள் வரவில்லை. ஆயிரம் பீடி பாக்கியாம்.
அடுத்த திங்களும் இல்லை.
மூன்றாவது திங்கள் பஸ்ஸில் ஏறினாள்,
குழந்தையை என் மடிக்கு மாற்றினாள்,
தன் மடியில் முறத்தை வைத்துக்கொண்டாள்.
குடியாத்தம் தாண்டியும் சுற்றிக்கொண்டே வந்தாள்.
ஒரு கையால் அஃப்ரீனைப் பிடித்துக்கொண்டு
மறு கையால் அவளுக்கு இலை எடுத்துக் கொடுத்தேன்.
எடுத்த இலை ஒன்றுகூடக் கிழியவில்லை,
என் விரல் இன்னும் மறக்கவில்லை.
யாரிடமும் இதைச் சொல்லவில்லை, ரிஜிஸ்டரிலும் எழுதவில்லை.

ஆடி போய் ஆவணி.
அதே உத்தரம், அதே கயிறு.
தூளியில் போட்டதும் அஃப்ரீன்
தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்,
என் பேனாவைப் பிடுங்கி எறிந்தாள்.
ஒன்பது கிலோ நூறு.
அரைக் கிலோ ஏறியிருக்கிறது.
அரைக் கிலோ இலையில் ஆயிரம் பீடி தேறாது,
கொஞ்சம் குறையும்.

தவுலத்பீ முள்ளைப் பார்த்தாள்.
தலையை நிமிர்த்தி, நேராக,
கன்ட்ராக்டரை அவள் ஒருநாளும் பார்க்காதபடி.

"இன்னொரு தடவை நிறு" என்றாள்.