தன்மைப் பன்மை

மார்க்கம் வீதியில் ஒரு விருந்து மண்டபம்.
நேற்றிரவு யாருக்கோ கலியாணம் நடந்திருக்கிறது,
கம்பளத்தில் இன்னும் மினுக்குத் தூள்.
இன்று ஒட்டாவாவிலிருந்து நாடாளுமன்றக் குழு வந்து
ஸ்காபரோ சனங்களிடம் கேட்கிறது:
குடும்பப் பிணக்கை மதச் சட்டப்படி தீர்க்கலாமா?

வாசலில் உப்புத் தூவிய பனிச்சேற்றில் இரண்டு கூட்டம்.
ஒன்றின் அட்டை: ஒரு நாடு, ஒரு சட்டம்.
மற்றதின் அட்டை: எங்கள் மார்க்கத்தில் கை வைக்காதே.
நடுவில் ஒரு பொலிஸ்காரி,
இரண்டு பேச்சுக்கும் காவல்.
இரு பக்கமும் காலையிலிருந்து கத்துவது
ஜெஸீமாவைப் பற்றித்தான்.
ஜெஸீமாவுக்கு ஐந்து நிமிடம்.

நான் மொழிபெயர்ப்பாளன்.
மணிக்கு முப்பத்திரண்டு டொலர், பார்க்கிங் தனி.
கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று
சத்தியம் செய்தவன்.
அவர்கள் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’.
போன மாதம் ஒரு கடையில் சீஸ் களவெடுத்தேன்.
அதற்கு முதல் மாதம்
இருபத்தாறு மணி நேர நோவுக்குப் பிறகு
ஒரு பெண் குழந்தையைப் பெற்றேன்.

இன்று நான் காத்தான்குடி,
முதியோர் இல்லத்தில் இரவு வேலை,
டயர்க் கடைக்கு மேல்மாடியில்
மூன்று பேர் இருந்து தீர்த்த வழக்கில்
சின்ன மகனை இழந்தவள்.

“நான் நம்மட பள்ளிக்கு எதிரா வரல்ல.
அந்த மூணு பேரும் என்ட கதைய முடிக்க விடல்ல.
தீர்ப்பு எழுதின கடதாசியக் கேட்டன், தரல்ல.
அதைச் சொல்லத்தான் வந்த.”

சொன்னேன். ஆங்கிலத்தில் அது
கொஞ்சம் மெலிந்து போனது, ஆனால் நின்றது.

மாண்புமிகு கேன்ஃபீல்ட்
கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.
வசந்தத்தில் அவருக்குத் தேர்தல்.
அவளுடைய துணிவுக்கு நன்றி சொன்னார்.
பிறகு, நாட்டைப் பற்றி, சட்டத்தைப் பற்றி
ஒரே வசனத்தில் இரண்டு தடவை
அந்தச் சின்னச் சொல்லைச் சொன்னார்.

ஆங்கிலத்தில் அது ஒரு சொல்தான்.
யார் உள்ளே, யார் வெளியே என்று
ஒன்றும் காட்டிக்கொடுக்காது.
தமிழில் அங்கே ஒரு கதவு இருக்கிறது.
‘நம்’ என்றால் அவளும் வீட்டுக்குள்.
‘எங்கள்’ என்றால் தாழ்ப்பாள்.
எதைச் சொன்னாலும் நான் கூட்டுகிறேன்,
அல்லது குறைக்கிறேன்.
அரை விநாடிதான் இருந்தது.
அவருடைய கை எங்கே என்று பார்த்தேன்.
தன் கோட்டின் மேல்,
கொடி குத்திய இடத்தில் இருந்தது.

“எங்கள் நாட்டில்,” என்றேன்,
“எங்கள் சட்டம் உங்களைக் காப்பாற்றும்.”

ஜெஸீமா காதுக்கருவியை ஒரு தடவை
கழற்றிப் பார்த்துவிட்டுப் போட்டார்.
என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துச் சொன்னார்:
“நம்மட சட்டம் எண்டுதான்
நான் இவ்வளவு நாளும் நினைச்ச.”

அதையும் சொன்னேன்.
அதே சின்னச் சொல்லால்தான் சொல்ல முடிந்தது,
அவர் எறிந்த சொல்லாலேயே.
கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை.
கேன்ஃபீல்ட் தலையாட்டினார், பலமாக.
சாட்சி உறுப்பினருடன் உடன்படுகிறார் என்று
பதிவில் ஏறியது.
பின் வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.
வேறு யாரோ
‘காட்டிக்கொடுத்தவள்’ என்றார்கள், தமிழில்.
அதை மொழிபெயர்க்க என்னை ஒருவரும் கேட்கவில்லை.

படிவத்தில் ஒரு பெட்டி:
மொழிபெயர்ப்பில் இடர்ப்பாடு ஏதும்?
இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

வெளியே அட்டைகளை வானில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
பஸ் தரிப்பில் ஜெஸீமா, கைகளைக் கக்கத்தில் செருகி.
பக்கத்தில் போய் நின்றேன்.
என்ன சொல்வதென்று தெரியவில்லை,
என் சொந்த ‘நான்’ எப்போதும்
கடைசியாகத்தான் வரும்.

“இந்தா,” என்றார், வீதியை எட்டிப் பார்த்து,
“நம்மட பஸ் வருது.”

என் கார் மண்டபத்தின் பின்பக்கம் நிற்கிறது.
அதை நான் சொல்லவில்லை.