காட்பாடியில் இருக்கிறவர்களுக்கு

ஆயர் ஆரணிக்குப் போயிருந்தார், அங்கே ஒரு அடக்கம்.
பாடம் வாசிக்க அன்று என் முறை இல்லை,
ஆனால் கண்ணாடி கொண்டு வந்தவன் நான் ஒருவன்தான்.

பழைய கடிதம். கடல் தாண்டி, ஒரு துறைமுக ஊரில்
அடித்துக்கொண்டிருந்த சபைக்கு எழுதியது.
அங்கே ஒருவன் மேல் ஒருவன் வழக்கு.
பந்தியில் ஒருவனுக்கு வெறி, ஒருவனுக்குப் பசி.
திட்டப் போகிறவன் எடுத்த எடுப்பில்
அவர்களை எப்படிக் கூப்பிடுகிறான் பாருங்கள்:
பரிசுத்தவான்கள்.

அந்தச் சொல்லை வாயில் எடுக்கும்போது
சரக்கு ரயில் வந்துவிட்டது.

எங்கள் கோயிலில் இது வழக்கம்தான்.
வண்டி போகும்வரை பிரசங்கம் நிற்கும்.
மாப்பிள்ளை "சம்மதம்" சொல்லத் திறந்த வாயோடு
நாற்பது பெட்டி காத்திருந்ததும் உண்டு.
விரலைச் சொல்லின் மேல் வைத்துக்கொண்டு
தலையை நிமிர்த்தினேன்.

தூணுக்கு இந்தப் பக்கம் எப்பிராயீம்,
அந்தப் பக்கம் மனாசே. கூடப் பிறந்தவர்கள்.
கிணற்றடியில் மூன்று சென்ட், சத்துவாச்சாரி கோர்ட்டில்
பதினொரு வருஷம்.
கிணறு தூர்ந்தே ஆறு வருஷம் ஆகிறது.
வாய்தா நாளில் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள்,
ஒருவர் முன்படி, ஒருவர் பின்படி.

அவர்களுக்குப் பின்னால் பொருளாளர்.
மெழுகுவத்திச் செலவைக் கூட்டி எழுதுகிறார் என்று பேச்சு.
பேச்சைக் கிளப்பியவன் நான்.

பெண்கள் பக்கம் என் மனைவி செபஸ்தியம்மாள்.
சேத்துப்பட்டில் பிறந்தவள்.
கல்யாணத்துக்காக எங்கள் சபைக்கு வந்தபோது
பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி
அந்தோணியாரையும் கூட்டி வந்தாள்.
சாவி தொலைந்தால் அவரிடம் கேட்பாள்.
கிடைத்துவிடும். நான் ஒன்றும் விசாரிப்பதில்லை.

அவள் அப்பா காலத்துச் சொல், அர்ச்சிஷ்டவர்.
முழு அதிரசத்தைப் போட்டுக்கொண்டது போல்
வாய் நிறைந்துவிடும்.
"செத்த பிறகுதான் அதெல்லாம்," என்பாள்.
"புதுமை நடக்கணும், ரோமாபுரியில் விசாரிக்கணும்.
உங்க ஆளுங்க என்னவோ
பொங்கல் வாழ்த்து மாதிரி வீட்டுக்கு வீடு கொடுக்கிறீங்க."

நியாயம்தான்.
போன அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
நான் எடுத்த பூசணிக்காய்க்கு
இன்னும் முந்நூறு ரூபாய் பாக்கி.

இருபத்தேழு, இருபத்தெட்டு. எல்லாம் நிலக்கரி.

கடைசி வரிசையில் தொற்காள்.
பெரிய ஆஸ்பத்திரியில் ராத்திரி ஆயா.
யூனிஃபார்ம் சேலையோடு நேராக வருவாள்,
உட்கார்ந்ததும் தூங்குவாள்.
எந்தக் கட்டிலில் யார் போனது,
கண்ணை யார் மூடிவிட்டது,
அவள் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதில்லை.
நல்லவளா என்றால், என்ன சொல்ல?
சீட்டுப் பணத்தில் கறார்.
தெருக்குழாயில் அவள் வாய் திறந்தால்
நாய்கூட ஒதுங்கிப் போகும்.

அதிர்வில் மனாசேயின் பாட்டுப் புத்தகம் விழுந்து
தூணைத் தாண்டி எப்பிராயீம் கால்மாட்டில் கிடந்தது.
எப்பிராயீம் குனியவில்லை.
பெருவிரலால் ஒரு தள்ளு.
பாதி தூரம் போய் நின்றது.
அது வெறுப்பா, வேறு ஏதாவதா,
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

விலாசம் தப்பென்றால் தபால் திரும்பிப் போகும்.
இந்தக் கடிதம் போகவில்லை.
யாரோ பிரித்து, யாரோ நகல் எடுத்து,
பாலாற்று மணலைத் தாண்டி
என் விரல்வரைக்கும் வந்திருக்கிறது.
அப்போதுதான் பார்த்தேன், அந்தச் சொல்லின் வாலில்
ஒட்டிக்கொண்டு ஒரு 'ஆகும்படி'.
இத்தனை வருஷமும்
அதை விழுங்கித்தான் வாசித்திருக்கிறேன்.

கார்டு பெட்டியும் போயிற்று.

சத்தம் நின்றதில் தொற்காள் திடுக்கிட்டு விழித்தாள்.
ஜெபம் முடிந்தது என்று நினைத்து
கோயில் முழுக்கக் கேட்கும்படி
"ஆமென்" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். பொருளாளரும் சிரித்தார்.
விரலை எடுத்தேன்.
சொல் அங்கேயே இருந்தது,
வியர்வையில் தாள் மட்டும் கொஞ்சம் நனைந்து.
வாசித்தேன்.