ரசீது வேண்டாம்

போலந்தின் வூச் நகரில் பனி கரையும் மாதம்.
ஆய்வுக்கூடத்தில் என்னிடம் வருபவை
பெயரில்லாத சிறுநீர்க் குப்பிகள்.
நானூற்றுப் பதினேழு: பெண், வயது நாற்பத்தொன்று,
கடைக் கல்லாவில் வேலை, எடை தொண்ணூற்றாறு.
கேள்வித்தாளின் ஓரத்தில் பென்சிலால்
யாரும் கேட்காத ஒரு பதில்:
"ராத்திரி நான் எதுவும் தின்பதில்லை. நம்புங்கள்."

இயந்திரம் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை.
ஒரு மேடு வரைந்தது.
அவ்வளவுதான்.
அந்த மேடு
கொழுப்பணுவின் கதவைத் தட்டியதா
வாசலோடு நடந்து போய்விட்டதா
என்று கேட்டால்,
எங்கள் கட்டுரைகளில் 'இருக்கலாம்' என்ற சொல்
வரிக்கு ஒரு சிட்டிகை.

பழைய பிஸ்பினாலைச் சட்டம் வந்து விரட்டியது.
'ஏ' எழுந்துபோன நாற்காலியில்
சூடு ஆறும் முன்னே
'எஸ்' உட்கார்ந்துவிட்டது.

மாலை. கம்பு ரொட்டி, பீட்ரூட், கொஞ்சம் வெண்ணெய்.
மார்பில் குத்திய பெயர்ப் பட்டை: போகுமிவா.
வெடித்த விரல்களில் பூசிய களிம்பு
இன்னும் காயவில்லை.
கிர்ரென்று இயந்திரம்
வழுவழுப்பான நாக்கை நீட்டியது.
"ரசீது வேண்டுமா?"

எல்லாம் தெரிந்தவள் அல்லவா நான்!
கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி
"வேண்டாம்" என்றேன்.
அவள் அதைக் கிழித்தாள்.
கசக்கி உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள்.
எனக்கு முன்னால் நின்றவர் வேண்டாமென்றதும்
அங்கேதான் இருந்தது.

இவள்தான் நானூற்றுப் பதினேழா?
தெரியாது. தெரியவும் கூடாது.

கதவருகே திரும்பிப் பார்த்தேன்.
வரிசையில் இன்னும் பதினோரு பேர்.
யாருக்கும் வேண்டாம்.